விதை எடுத்துப் போட்ட கலப்பினச் சோளம் ஆளுக்கொரு உயரம்: குட்டையைத் தெரிவு செய்து நிலைநிறுத்த முடியுமா?

மேட்டுக்காணி (நெடுங்கேணி)

எல்லோருக்கும் வணக்கம். சோளம் செய்கிறவர்களிடமும் அதைப் பற்றிப் படித்தவர்களிடமும் ஒரு விளக்கம் வேண்டும்.

போன பெரும்போகத்தில் கலப்பினச் சோளம் (மக்காச்சோளம்) போட்டேன். நல்ல விளைச்சல். இந்தமுறை விதை விலையைக் கேட்டதும் கடையை விட்டு இறங்கி வந்துவிட்டேன். போன அறுவடையில் பெரிய பொத்திகளாகப் பார்த்து எடுத்து வைத்திருந்த மணியையே ஒரு ஏக்கரில் விதைத்தேன். பக்கத்து அரை ஏக்கரில் மட்டும் தம்பி வாங்கி வந்த அதே இனத்தின் புது விதை. ஒரே நாளில் விதைப்பு, ஒரே பசளை, ஒரே மண்.

புது விதைத் துண்டு ஒரே மட்டமாக நிற்கிறது. என் துண்டில் ஒன்று நெஞ்சளவு. அதற்குப் பக்கத்தில் நிற்பதைக் கையை உயர்த்தினாலும் எட்டாது. கார்த்திகைக் கடைசியில் அடித்த காற்றில் உயரமானவை நிறையச் சாய்ந்துவிட்டன. குட்டையானவற்றில் பெரும்பாலானவை நிமிர்ந்து நிற்கின்றன. ஆண்பூ இப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைநீட்டுகிறது.

ஒரே பொத்தியின் மணிகள் ஏன் இப்படிப் பல உயரத்தில் வருகின்றன? நிமிர்ந்து நிற்கும் குட்டைகளிலிருந்து மட்டும் விதை எடுத்து, வருடத்துக்கு வருடம் அப்படியே செய்துகொண்டு போனால், சாயாத சொந்தச் சோளம் ஒன்று எனக்குக் கிடைக்குமா? நெல்லில் குட்டை இனம் வந்துதானே விளைச்சல் கூடியது என்கிறார்கள்.

கச்சான்காற்று (மல்லாவி)

அண்ணை, இது தெரிந்த கதைதான். திரும்பத் தங்களிடமே வாங்க வேண்டும் என்பதற்காகக் கம்பனிக்காரர்கள் விதைக்குள் ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வருடம் முளைக்கும், ஆனால் ஒழுங்காக வராது.

அறிவியல்நகர் மாணவி

கச்சான்காற்று அண்ணை, யாரும் விதைக்குள் எதையும் ஒளித்து வைக்கவில்லை. வேலையைச் சோளமே செய்கிறது.

கலப்பின விதை உண்டாவது எப்படி என்று பார்த்தால் முதல் கேள்விக்குப் பதில் வந்துவிடும். சோளத்தைப் பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்து ஒரு தூய வழியை எடுக்கிறார்கள். அந்தத் தூய வழிச் செடி நோஞ்சானாக, குட்டையாக, சின்னப் பொத்தியோடு இருக்கும். இப்படி வேறு வேறு இரண்டு தூய வழிகளைக் கலந்தால் பிறப்பதுதான் கடையில் வாங்கும் விதை. ஒவ்வொரு மணியும் தாயிடமிருந்து ஒரே தொகுதியையும் தந்தையிடமிருந்து ஒரே தொகுதியையும் பெறுகிறது. அதனால் துண்டு முழுவதும் பரம்பரை அளவில் ஒரே செடிதான். கலப்பு வீரியமும் முழுதாக இருக்கும். தாய் தந்தை இரண்டையும் விட உயரமாக வளரும். 1908இல் ஜோர்ஜ் ஷல் என்ற அமெரிக்கர் இதைச் சோளத்தில் தெளிவாக விளக்கி எழுதினார்.

அந்தச் செடிகள் உங்கள் காணியில் தங்களுக்குள் மகரந்தம் மாற்றிக்கொண்டபோது, இரண்டு தொகுதிகளும் சீட்டுக்கட்டைக் குலுக்கியதுபோல் கலைந்துவிட்டன. ஒவ்வொரு மணிக்கும் வேறு வேறு கை. உயரத்தைக் கூட்டும் எதிருருக்கள் (ஒரே பரம்பரையலகின், அதாவது மரபணுவின், வேறு வேறு வடிவங்கள்) பல ஒரு மணியில் சேர்ந்தால் அது கைக்கு எட்டாமல் போகும். குறைப்பவை சேர்ந்தால் நெஞ்சளவில் நிற்கும். இதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. இரண்டு தூய வழிகளின் நேரடிக் கலப்பென்றால், அடுத்த தலைமுறையில் கலப்பு வீரியத்தில் சராசரியாகப் பாதி போய்விடும். மூன்று வழிக் கலப்பென்றால் எட்டில் மூன்று பங்கு போகும்.

கச்சான்காற்று (மல்லாவி)

சரி தங்கச்சி, கம்பனியை விட்டுவிடுகிறேன். ஆனால் உயரத்துக்கு ஒரு பரம்பரையலகுதானே? பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணி என்று படித்தோமே. நெட்டை, குட்டை, மூன்றுக்கு ஒன்று.

அறிவியல்நகர் மாணவி

மெண்டல் எடுத்த பட்டாணியில் அப்படித்தான். பெரிய வேறுபாட்டைத் தரும் ஒரேயொரு பரம்பரையலகு அவருக்குக் கிடைத்தது. சோளத்திலும் அத்தகைய ஒற்றைக் குட்டை மாற்றங்கள் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன். ஆனால் மேட்டுக்காணி அண்ணையின் துண்டில் நெட்டை, குட்டை என்று இரண்டு கூட்டம் இல்லை. நெஞ்சளவிலிருந்து கைக்கு எட்டாத உயரம் வரை எல்லா அளவும் இருக்கிறது என்றுதானே எழுதியிருக்கிறார்? அப்படியானால் பல பரம்பரையலகுகள் சேர்ந்து இயங்குகின்றன. எமர்சனும் ஈஸ்டும் 1913இலேயே சோளத்தின் அளவுசார் இயல்புகளை இப்படித்தான் விளக்கினார்கள்.

நூறு வருடம் கழித்து அதை எண்ணிப் பார்க்கும் வசதி வந்தது. அமெரிக்காவில் பி73 என்ற ஒரு தூய வழியை வேறு 25 தூய வழிகளோடு கலந்து, ஒவ்வொரு கலப்பிலிருந்தும் 200 வரை, மொத்தம் 5,000 அளவில் புதிய தூய வழிகளை உருவாக்கினார்கள். அந்தக் குடும்பங்களையும் வேறு பல இனங்களையும் வைத்து உயரத்தை ஆராய்ந்த முடிவு 2014இல் வெளிவந்தது. மிகப் பெரிய ஒற்றைப் பரம்பரையலகு எதுவும் அகப்படவில்லை. பத்து நிறமூர்த்தங்களிலும் (குரோமோசோம்களிலும்) சிதறிக் கிடக்கும் ஏராளமான இடங்கள், ஒவ்வொன்றும் சிறு அளவில் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. அப்படியிருந்தும் உயரம் மிக உறுதியாகப் பரம்பரை வழி வருகிற இயல்பு. அந்தச் சோதனைகளில் இனங்களின் சராசரி உயரத்துக்குப் பரம்பரைத் திறன் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டியே வந்தது. விளைச்சலுக்கெல்லாம் இப்படி வராது.

கச்சான்காற்று (மல்லாவி)

தொண்ணூறு வீதம் பரம்பரை என்றால் ஒன்றைக் கேட்கிறேன். 2021இல் இரசாயனப் பசளை நிறுத்தப்பட்ட பெரும்போகம் நினைவிருக்கிறதா? அந்த முறையும் நான் கடை விதைதான் போட்டேன். முந்திய முறை ஆளை மறைத்த அதே இனம், இடுப்புக்கு மேல் வரவில்லை. பரம்பரை எங்கே போனது?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

தம்பி கேட்டது மிக நல்ல கேள்வி. இந்தத் தொண்ணூறு என்ற எண்ணைப் பலரும் பிழையாகவே விளங்கிக்கொள்கிறார்கள், விவசாயத்தில் பட்டம் எடுத்தவர்கள் உட்பட.

அந்த எண் ஒரு செடியின் உயரத்தில் எத்தனை அங்குலம் பரம்பரையால் வந்தது என்று சொல்லவில்லை. ஒரே சோதனையில் பல இனங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டு, பல இடங்களில் பல முறை அளந்து சராசரி எடுத்தால், இனத்துக்கும் இனத்துக்கும் இடையில் தெரியும் வேறுபாட்டில் எத்தனை பங்கு பரம்பரை என்பதைச் சொல்கிறது. அவ்வளவுதான். பசளை இல்லாத வருடத்தில் எல்லா இனமும் சேர்ந்தே குட்டையாகும். ஆனால் நெட்டை இனம் அப்போதும் குட்டை இனத்தை விட உயரமாகவே நிற்கும். வரிசை பெரிதாக மாறாது. மட்டம் முழுவதும் இறங்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல இடத்துச் சராசரிக்குத்தான் தொண்ணூறு. காணியில் நிற்கும் ஒற்றைச் செடிக்கு அது மிகவும் குறையும். மேட்டுக்காணியின் நெஞ்சளவுச் செடி பரம்பரையால் குட்டையா, படைப்புழு குருத்தைத் தின்றதால் குட்டையா, மழைநீர் தேங்கிய பள்ளத்தில் நின்றதால் குட்டையா? முளைத்து ஐந்தாறு இலை விரியும் வரை சோளத்தின் வளர்முனை நிலத்துக்குள்ளேதான் இருக்கிறது. அந்த நாட்களில் தண்ணீர் நின்றால் செடி பின்தங்கிவிடும். நாகக் (துத்தநாகக்) குறைபாடு இருந்தாலும் கணுவிடை குறுகும். அப்போது இளம் இலையின் நடு நரம்புக்கு இரு பக்கமும் வெளிறிய பட்டை விழும், பார்த்தால் தெரியும். குருத்தில் ஓட்டை விழுந்தவை, பள்ளத்தில் நிற்பவை, பக்கத்தில் செடியில்லாமல் தனியாக நிற்பவை எல்லாவற்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். தெரிவு அதன் பிறகுதான்.

பால்மாட்டுக்காரன் (ஓமந்தை)

குட்டை குட்டை என்று ஏன் எல்லோரும் அலைகிறீர்கள்? எனக்கு நெட்டையாக, இலை நிறைந்த சோளம் வேண்டும். வெட்டிச் சைலேஜ் (புளிக்கவைத்துச் சேமிக்கும் பசுந்தீவனம்) போட்டால் வைகாசி, ஆனியில் மாட்டுக்குக் கை கொடுப்பது அதுதான்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

உங்கள் தேவை நியாயமானது. ஆனால் சைலேஜின் சக்தியில் பெரும் பங்கு பொத்தியில் இருக்கிற மாப்பொருளிலிருந்து வருகிறது. வெறும் உயரத்தைப் பார்த்து இனம் எடுத்தால் தண்டைத்தான் நிரப்புவீர்கள். தண்டு மாட்டுக்குச் செரிப்பதற்கென்றே தனி இனங்கள் உண்டு. இலையின் நடு நரம்பு கபில நிறமாக இருக்கும், தண்டை இறுக்கமாக்கும் இலிக்னின் குறைவு. மாடு விரும்பித் தின்னும், பாலும் கூடும். ஆனால் இலிக்னின் குறைந்த தண்டு காற்றுக்கு நிற்காது. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். உயரம் தனியே வருவதும் இல்லை: நெட்டை இனங்கள் பெரும்பாலும் பிந்திப் பூப்பவை. இலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கணு. பூக்கப் பிந்தினால் கணு கூடும், கணு கூடினால் உயரம் கூடும்.

ஒன்ராறியோ வன்னியன்

பூப்புக்கும் உயரத்துக்கும் உள்ள உறவை இங்கே கண்ணால் பார்க்கலாம். வெப்பமண்டலச் சோளத்தை இந்த நாட்டுக் கோடையில் விதைத்தால் வீட்டுக் கூரை அளவுக்குப் போகும். பூக்கும் நேரத்தில் குளிர் வந்துவிடும். இங்கே நடுக்கோடையில் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல். நீண்ட பகலில் பூக்காமல் பொறுத்திருக்கச் சொல்லும் பரம்பரையலகு ஒன்று பத்தாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பழங்காலத்தில் எப்போதோ அதன் முன்பக்கத்தில் ஒரு தாவும் டி.என்.ஏ. துண்டு வந்து செருகிக்கொண்டதால் அதன் வேலை தணிந்துவிட்டது. அந்த மாற்றத்தைப் பெற்ற சோளத்தால்தான் மெக்சிக்கோவிலிருந்து வடக்கே இவ்வளவு தூரம் ஏறி வர முடிந்தது என்று 2013இல் ஓர் ஆய்வு சொன்னது.

வன்னியில் இது பெரிய சிக்கல் இல்லை. ஒன்பது பாகை அகலாங்கில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான் வேறுபாடு. ஆனால் யாராவது இங்கிருந்து விதை கொண்டு வந்து அங்கே போட நினைத்தால், அது முழங்கால் கடந்ததும் பூத்துவிடும் என்று எதிர்பாருங்கள்.

மேட்டுக்காணி (நெடுங்கேணி)

எல்லோருக்கும் நன்றி. ஆனால் நெல்லைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நெல்லில் ஒரே ஒரு குட்டைப் பரம்பரையலகை வைத்துச் செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். சோளத்தில் ஏன் அதைச் செய்யவில்லை?

அறிவியல்நகர் மாணவி

அண்ணை, என் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செடி நீள்வதற்கு முக்கியமான ஓமோன் ஜிபரலின். 1966இல் வந்த ஐ.ஆர்.8 நெல்லில் இருந்த குட்டைப் பரம்பரையலகு, ஜிபரலின் உண்டாக்கும் ஒரு நொதியத்தைப் பழுதாக்கியது. கோதுமையில் வேறு வழி: ஜிபரலின் இருக்கும், ஆனால் செடி அதன் சொல்லைக் கேட்காது. இரண்டிலும் தண்டு குறுகியது, பசளை போட்டாலும் சாயவில்லை, வைக்கோலுக்குப் போய்க்கொண்டிருந்த சத்து மணிக்குப் போனது.

சோளத்திலும் இதே பாதையில் பழுதானவை பல உண்டு. ட்வார்ஃப்-1, ட்வார்ஃப்-3, ட்வார்ஃப்-5 ஆகியவற்றில் ஜிபரலின் ஆக்கத்தின் வேறு வேறு படிகள் அறுந்திருக்கின்றன. 1956இல் பெர்னாட் ஃபினி என்பவர் இத்தகைய குட்டைச் சோளங்களுக்கு வெளியிலிருந்து ஜிபரலின் கொடுத்தபோது அவை சாதாரணச் சோளமாக நீண்டன. ட்வார்ஃப்-8 கோதுமையின் வகை. எவ்வளவு ஜிபரலின் கொடுத்தாலும் நீளாது. கோதுமையின் குட்டைப் பரம்பரையலகும் இந்த ட்வார்ஃப்-8உம் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்று 1999இல் காட்டினார்கள்.

அப்படியானால் ஏன் பயன்படவில்லை? நெல் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருக்கின்றன. சோளத்தில் ஆண்பூ உச்சியில், பெண்பூ பொத்தியில். பொத்தியின் பூக்களில் மகரந்தக் கேசரம் வளராமல் அடக்கி வைப்பதில் ஜிபரலினுக்குப் பங்கு இருக்கிறது. அது செடி முழுவதும் குறைந்தால் தண்டு குறுகுவதோடு நிற்காது, பொத்திக்குள்ளேயே மகரந்தப் பைகள் முளைக்கத் தொடங்கும். மணி பிடிப்பது கெடும். மேலும் இந்த மாற்றங்கள் பலவற்றில் செடி அளவுக்கு மிஞ்சிக் குட்டையாகி, இலைகள் ஒன்றின்மேல் ஒன்று நெருங்கிவிடும். நெல்லில் கிடைத்த இதமான குட்டை சோளத்தில் எளிதாகக் கிடைக்கவில்லை.

இன்னொரு வழி பிரேக்கிடிக்-2. இது ஜிபரலின் பாதையைச் சேர்ந்ததல்ல. ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோனைத் தண்டு வழியே கீழே கடத்தும் ஒரு புரதம் இதில் பழுதாகிறது, 2003இல் கண்டுபிடித்தார்கள். பொத்திக்குக் கீழே உள்ள கணுவிடைகள் குறுகித் தடிக்கும், இலை கரும்பச்சையாக இருக்கும், பொத்தியின் பூ கெடாது. சோர்கம் எனப்படும் இறுங்கில் குட்டையைத் தருவதும் இதன் உறவுதான். இறுங்கில் அந்தப் பழுது ஒரு துண்டு இரட்டித்ததால் வந்தது. அது அவ்வப்போது தானே திருந்திவிடும். அதனால்தான் குட்டை இறுங்கு வயலில் இடையிடையே ஒரு நெட்டை தலை காட்டுகிறது. கம்பிலும் இதே பரம்பரையலகுதான் குட்டைக்குக் காரணம்.

கச்சான்காற்று (மல்லாவி)

அப்படியானால் பிரேக்கிடிக்-2ஐ வைத்து ஏன் எல்லோரும் செய்யவில்லை? எங்கே இருக்கிறது அந்த விதை?

அறிவியல்நகர் மாணவி

அது பின்னிடைவான எதிருரு, அண்ணை. தாயிலும் தந்தையிலும் இருந்தால்தான் கலப்பினம் குட்டையாகும். இரண்டு பக்கத் தூய வழிகளுக்குள்ளும் பல தலைமுறை உழைத்து அதைச் செலுத்த வேண்டும். கடுமையான வடிவம் பொத்தியை மிகக் கீழே இறக்கிவிடும்; இயந்திரத்தால் அறுக்க முடியாது. சில ஆண்டுகளாகப் பேயர் நிறுவனம் மெக்சிக்கோவில் மரபுவழி இனவிருத்தியால் எடுத்த குட்டைச் சோளத்தை விற்கிறது. மரபணு மாற்றத்தால் அவர்கள் எடுத்த இன்னொன்றில் ஜிபரலின் ஆக்கத்தைத் தண்டில் மட்டும் தணித்து, பொத்தியை விட்டுவிடுகிறார்கள். அது ஆட்சியுடையது, ஒரு பெற்றோரில் இருந்தால் போதும். இரண்டும் நம் கடைக்கு வரும் விதைகள் இல்லை.

கச்சான்காற்று (மல்லாவி)

பொத்தியைக் கீழே இறக்கினால் இங்கே அறுப்பது இயந்திரமும் இல்லை, நாங்களும் இல்லை. காட்டுப்பன்றி. இப்போதே செடியைச் சாய்த்துத் தின்கிறது. முழங்கால் உயரத்தில் பொத்தி வைத்தால் அதற்கு நாங்கள் பந்தி விரித்ததாகத்தான் அர்த்தம். நரிக்கும் எட்டும். ஒன்ராறியோவில் இதை யாரும் ஆராய்ந்திருக்க மாட்டார்கள்.

ஒன்ராறியோ வன்னியன்

இங்கே மான், ரக்கூன். பன்றி அளவுக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

பன்றிக் கதை சிரிப்புக்கு மட்டும் இல்லை. நமக்கு வேண்டியது குட்டையா, சாயாமையா என்பதைப் பிரித்துப் பார்க்க வைக்கிறது.

சோளம் சாய்வது இரண்டு வகை. நிலம் ஊறி வேர் பிடி விட்டு முழுச் செடியும் சரிவது ஒன்று. பொத்திக்குக் கீழே தண்டு முறிவது மற்றது. மேட்டுக்காணியில் நடந்தது முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும். ஆண்பூ வருமுன் சரிந்த செடி கணுவில் வளைந்து மறுபடி நிமிரப் பார்க்கும், நாரையின் கழுத்தைப் போல் ஒரு வளைவு மட்டும் மிஞ்சும். அவற்றை இப்போது கையால் தூக்கி நிறுத்தாதீர்கள். பிடித்திருக்கிற வேரும் அறுந்துவிடும், தண்டும் முறியும். தண்டு முறிவு பெரும்பாலும் முதிர்ந்த பிறகு வருவது: யூரியா கூடி, பொட்டாசியம் குறைந்து, நெருக்கமாகப் போட்டு, தண்டழுகலும் சேர்ந்தால் நிச்சயம்.

காற்றுக்கு எது முக்கியம்? உச்சி எவ்வளவு உயரம் என்பதை விடப் பொத்தி எந்த உயரத்தில் தொங்குகிறது என்பது. பாரம் அங்கேதான். பொத்தி இருக்கும் உயரத்தைச் செடியின் முழு உயரத்தால் வகுத்துப் பாருங்கள். பாதிக்குக் கீழே வந்தால் நல்லது, அறுபது வீதத்தைத் தாண்டினால் ஆபத்து. பொத்தி உயரமும் செடி உயரமும் சேர்ந்தே போகும் இயல்புகள்தான், ஆனால் முற்றாகப் பிணைந்தவை அல்ல. ஒரே உயரச் செடிகளுக்குள் பொத்தி தாழ்ந்ததைத் தெரிவு செய்ய முடியும். அதோடு நிலத்துக்கு மேல் வரும் தாங்கு வேர்கள் எத்தனை சுற்று, எவ்வளவு தடிப்பு என்பதையும் பாருங்கள். ஆள் உயரச் செடியில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே பொத்தி, இரண்டு சுற்றுத் தாங்கு வேர்: வன்னிக்கு நான் அதைத்தான் கேட்பேன். பன்றிக்கு வேலிதான் மருந்து. இனவிருத்தியில் அதற்கு மருந்து இல்லை.

மேட்டுக்காணி (நெடுங்கேணி)

ஐயா, அப்படியானால் என் இரண்டாவது கேள்வி: தெரிந்து தெரிந்து எடுத்தால் வருமா, வராதா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

வரும். செய்து காட்டியிருக்கிறார்கள். மெக்சிக்கோவில் உள்ள சர்வதேசச் சோள, கோதுமை மேம்பாட்டு நிலையத்தில் துக்ஸ்பேனியோ என்ற நெட்டை வெப்பமண்டலச் சோளத்தை எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் குட்டைக் குடும்பங்களைத் தெரிந்து தங்களுக்குள் கலந்துகொண்டே போனார்கள். பதினைந்து சுற்று. தொடக்கத்தில் ஏறத்தாழ 280 சென்ரிமீற்றர் இருந்த செடி 180 அளவுக்கு இறங்கியது. எந்தத் தனிக் குட்டைப் பரம்பரையலகையும் சேர்க்கவில்லை. தங்கச்சி சொன்ன அந்தச் சின்னச் சின்ன எதிருருக்களைத்தான் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டினார்கள். மொத்தச் செடி எடையில் மணியின் பங்கு 0.30 இலிருந்து 0.45 ஆகக் கூடியது. நெருக்கமாக விதைத்தாலும் தாங்கியது. சில நாள் முந்தியும் பூத்தது. 1986இல் வெளியான இந்த முடிவு இன்றைக்கும் பாடமாக இருக்கிறது.

ஆனால் உங்கள் துண்டில் ஒரு பொறி இருக்கிறது. அவர்கள் தொடங்கியது பலதும் கலந்த ஒரு திறந்த மகரந்தச் சேர்க்கை இனத்தில். நீங்கள் தொடங்குவது ஒரே கலப்பினத்தின் பிள்ளைகளில். உங்கள் குட்டைகளில் கணிசமானவை குட்டை எதிருருக்களால் குட்டையானவை அல்ல. கலப்பு வீரியத்தைக் கூடுதலாக இழந்த நோஞ்சான்கள். மிகக் குட்டையை எடுக்கிறேன் என்று போனால் மிக நலிந்ததைத்தான் எடுப்பீர்கள். மூன்று நான்கு வருடத்தில் விளைச்சல் கையைக் கடிக்கும். அதனால் கடைக்கோடிக் குட்டைகளைத் தொடவே வேண்டாம். நடுத்தர உயரத்தில் தண்டு தடித்து, இலை அகன்று, பொத்தி தாழ்ந்து நிற்பவற்றைப் பாருங்கள்.

அறிவியல்நகர் மாணவி

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், நாளைக்கே செய்ய வேண்டியது. அறுவடையில் பொத்தியைப் பார்த்துத் தெரிவு செய்தால் நீங்கள் தாயை மட்டும்தான் தெரிவு செய்கிறீர்கள். அந்த மணிகளின் தந்தை காற்றில் வந்த எதுவாகவும் இருக்கலாம், கைக்கு எட்டாத நெட்டையாகவும் இருக்கலாம். இப்போதுதான் ஆண்பூ வருகிறது என்கிறீர்கள். மிக நெட்டையானவை, சரிந்தவை, நோஞ்சான்கள் இவற்றின் ஆண்பூவைப் பொடி கொட்டுமுன் உருவி எடுத்துவிட்டால் தந்தையையும் நீங்களே தெரிவு செய்ததாகும். ஒரு சுற்றில் கிடைக்கும் முன்னேற்றம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆண்பூ உருவிய செடியின் பொத்தி வீணாகாது, அது மணி பிடிக்கும். விதைக்கு எடுக்காமல் விற்றுவிடலாம்.

மேட்டுக்காணி (நெடுங்கேணி)

தங்கச்சி, பக்கத்தில் அரை ஏக்கர் புது விதை நிற்கிறதே, அதன் மகரந்தமும் வருமே?

அறிவியல்நகர் மாணவி

வரும். பெரிய கெடுதல் இல்லை. அதே கலப்பினம் என்பதால் இழந்த வீரியம் திரும்பாது. உயரத் தெரிவும் தளரும். அதனால் அந்தத் துண்டுக்கு மறுகரையிலிருந்து விதை எடுங்கள், எல்லைச் சால்களை விட்டுவிடுங்கள். அடுத்த பெரும்போகத்தில் இரண்டையும் ஒன்றாக விதைக்காமல் நான்கு வாரமாவது இடைவெளி விட்டால் ஒன்றின் பொடி மற்றதன் பட்டில் விழாது. அது முடியாவிட்டால் 200 மீற்றருக்குக் குறையாத தூரம்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

விதைக்கு எத்தனை பொத்தி என்றும் கேட்பீர்கள். நூற்றுக்குக் குறையாமல் எடுங்கள். பத்துப் பொத்தியில் அடுத்த வருடம் முழுக் காணியையும் விதைத்தால் நெருங்கிய உறவுக்குள் கலந்து மறுபடி வீரியம் போகும். ஒவ்வொரு பொத்தியிலிருந்தும் சம அளவு மணி. முடிந்தால் மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த திறந்த மகரந்தச் சேர்க்கை இனம் ஒன்றின் விதையைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். ருவன், பத்ரா என்று முன்பு வந்தவை அத்தகையவை. அதை உங்கள் தெரிவோடு ஒரு சால்விட்டு ஒரு சால் போட்டுக் கலந்தால், திரட்டுவதற்கு எதிருருக்களும் கூடும், வீரியமும் மீளும். ஒரே கலப்பினத்தின் பிள்ளைகளை மட்டும் வைத்துப் பதினைந்து சுற்றுப் போக முடியாது.

பால்மாட்டுக்காரன் (ஓமந்தை)

மேட்டுக்காணி அண்ணை, உருவிப் போடுகிற ஆண்பூவையும் சரிந்த நெட்டைகளையும் வீசிவிடாதீர்கள். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியோடு நானே வருகிறேன். கிருமிநாசினி அடித்து எத்தனை நாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

மேட்டுக்காணி (நெடுங்கேணி)

படைப்புழுவுக்கு விதைத்த முதல் மாதத்தில் அடித்ததுதான், அதன் பிறகு இல்லை. போத்தலில் எழுதியிருக்கும் இடைவெளி கடந்துவிட்டது. நாளைக் காலை சிவப்புத் துணி கிழித்து, விதைக்கு நிற்க வேண்டிய செடிகளுக்குக் கட்டப் போகிறேன். பொத்தி எந்தக் கணுவில் வரும் என்று இப்போதே தெரியுமா ஐயா, அல்லது பட்டு வரும் வரை காத்திருக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

தெரியும். ஆண்பூ வெளிவரும் நேரத்தில் மேல்பொத்தியின் இலைக்கக்கத்தில் தண்டைத் தடவிப் பார்த்தால் புடைப்பு கைக்குப் படும். உச்சியிலிருந்து ஆறாம், ஏழாம் இலையளவில் தேடுங்கள். ஆண்பூ உருவுவதைக் காலையில் பொடி கொட்டத் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். பனி காய்ந்த பிறகு போனால் பொடி பறந்திருக்கும். எல்லாச் செடியும் ஒரே நாளில் பூக்காது, உங்கள் துண்டில் நிச்சயமாகப் பூக்காது. ஒரு வாரம், பத்து நாள் தினமும் காலையில் ஒரு சுற்றுப் போக வேண்டிவரும்.